மினுக்கத்திற்கு முந்தைய நாள்

கன்டெய்னரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணில் நடுவிலிருந்த இரண்டு இலக்கங்கள் காணாமல் போயின. ஜெசிந்தா கண்ணை இமைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். இடப்பக்கத்து எழுத்துகள் இருந்தன, வலப்பக்கத்து எண்கள் இருந்தன. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை.

அவளுக்கு அது புதிதில்லை. கல்லூரிக் காலத்திலிருந்தே வருவதுதான். முதலில் பார்வையின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை விழும். பிறகு அந்த ஓட்டையின் விளிம்பு மினுங்கத் தொடங்கும். ரம்பத்தின் பற்களைப் போலக் கோணல்மாணலாக ஒரு கோடு பிறை வடிவில் வளைந்து, துடித்துக்கொண்டே விரிந்து விரிந்து, அரை மணி நேரத்துக்குள் பார்வையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். கண்ணை மூடினாலும் விடாது, மூடிய இமைக்குள்ளும் மினுங்கும். அது போன பிறகு தலையின் ஒரு பக்கத்தில் வலி வந்து உட்காரும். மருத்துவர்கள் அதை ஆரா என்றார்கள். ஜெசிந்தாவின் வீட்டில் அதற்குப் பெயர் மினுக்கம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்கள் உச்சிக்கூண்டில் ஏறி உட்கார்ந்த காலம் போய் வெகு நாளாகிவிட்டது. ஜெசிந்தா உட்கார்ந்திருந்தது குளிரூட்டிய ஓர் அறையில், வளைந்த பெரிய திரைக்கு முன்னால். கப்பல் எங்கோ தள்ளி நின்றது. அவள் கை இங்கே அசைந்தால் அங்கே லாரி அளவு பெட்டி அந்தரத்தில் அசையும். கண்ணில் ஏதாவது கோளாறு என்று தெரிந்தால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும் என்பது விதி. அழுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் இந்த நாற்காலி போய்விடும். இன்னும் கொஞ்சம்தானே, இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். இறக்கினாள்.

பெட்டியின் மூலை கீழே நின்ற டிரெய்லரின் முன்கூண்டில் இடித்தது. ஓட்டுநர் ஆவுடையப்பன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு நொடி தாமதித்திருந்தால் எலும்போடு போயிருக்காது.

பாதுகாப்பு அதிகாரி வைரவன் அவளைத் திட்டவில்லை. நீங்கள் நல்ல ஆபரேட்டர், அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன் என்று தொடங்கி, இனி நாற்காலிக்குத் திரும்ப வேண்டுமென்றால் காதுப் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும், எதனால் மினுக்கம் வருகிறது என்று கண்டுபிடித்து அதை நீக்க வேண்டும், பொட்டு சொல்வது தன் திரைக்கும் வரும், அதற்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள் என்றார். அதுவரை அவள் கணினியில் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கும் வேலை பார்க்கலாம். ஜெசிந்தா சம்மதம் என்றாள்.

திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவர் ஹபீபா அந்தப் பொட்டை அவள் காதுக்குப் பின்னால், எலும்பின் மேல் ஒட்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு வில்லை. அப்போது ஊரில் பலர் காதில் அது இருந்தது. விமானம் ஓட்டுபவர்கள், பேருந்து ஓட்டுநர்கள், அறுவை சிகிச்சை செய்பவர்கள் என்று மினுக்கம் உள்ளவர்கள் அதை வெளியே சொல்லத் தொடங்கியிருந்த காலம்.

"மூளையோட பின்பக்கத்துல ஒரு அலை கெளம்புது," என்றார் ஹபீபா. "நத்தை மாதிரி மெதுவாத்தான் நகரும். பார்வைக்கான எடத்தை அது கடக்கறப்பதான் நீங்க மினுக்கத்தைப் பாக்குறீங்க. இந்தப் பொட்டு அந்த அலையைக் கேக்கும், கெளம்பினா அதிர்ந்து சொல்லும். கூடவே உங்க தூக்கம், சாப்பாடு, வெளிச்சம், சத்தம், யார்கூட இருக்கீங்க, எல்லாத்தையும் கேக்கும். ரெண்டையும் சேத்துப் பாத்து, எதனால வருதுன்னு பொட்டு செய்யற கம்பெனி கணக்குப் போட்டுச் சொல்லும்."

"யார்கூட இருக்கேங்கறதையுமா?"

"அதையும்தான்."

கணக்கு என்ன சொன்னாலும் உடனே நம்பிவிட வேண்டாம் என்றும், தன்னிடம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போகும்படியும் ஹபீபா சொன்னார். ஜெசிந்தா தலையாட்டினாள். பேருந்து ஏறும்போதே அதை மறந்துவிட்டாள்.

காரணம் தேடுவது அவளுக்குப் பழகிய வேலைதான். உப்பளத்து வெயில்தான் காரணம் என்று சில வருடம் நம்பினாள். துறைமுகச் சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பு வெளுத்துக் கிடக்கும், அந்த வெள்ளையில் வெயில் பட்டுத் தெறிப்பது கண்ணைக் குத்தும். கறுப்புக் கண்ணாடி போட்டாள், பேருந்தில் தலையைக் குனிந்துகொண்டே போனாள். காபியை விட்டாள். முந்திரி மக்ரூன் இனிப்பை விட்டாள். கருவாட்டை விட்டாள். கோவிலில் சாம்பிராணி போடும் நாள்களில் வாசலுக்கு வெளியே நின்று பூசை கண்டாள். ஒவ்வொன்றையும் விட்ட புதிதில் இதுதான் இதுதான் என்று தோன்றும். பிறகு ஒருநாள் வந்துவிடும். எங்கே தப்பு செய்தோம் என்று அன்றைக்கு முழுக்க மனசு பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். வராத நாள்களிலும் நிம்மதி இல்லை. கண்ணுக்கு முன்னால் விரலை நீட்டி, நகம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வீட்டில் அவளும் மகள் அனெட்டும்தான். கணவன் செல்வினுக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை, வருடத்தில் பாதிக்கு மேல் கடல். அனெட்டுக்குப் பதிமூன்று வயது. ஜிகினா வைத்த உடுப்பு அவளுக்கு வாங்கியதில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் மினுங்கும் பல்பு போட்டதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்த அவள் நடை பழகும்போதே பழகியிருந்தாள். ஜெசிந்தா அன்பில்லாதவள் இல்லை. வேலை முடிந்து வரும்போது உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது. சோறு போடுவாள், பாடம் எழுதியாயிற்றா என்று கேட்பாள், விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பாள். எப்போதாவது ஒரு சாயங்காலம் மட்டும் மனசு தானாக இளகும். அன்றைக்கு அனெட்டின் கட்டிலில் போய் உட்கார்ந்து, தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சாயங்காலங்கள்தான் அவளுக்கு அந்த வீட்டில் பிடித்தவை.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இனிமையான குரல். நல்ல செய்தி என்றுதான் தொடங்கினாள். வெயில் காரணமில்லை, காபி காரணமில்லை, மக்ரூனும் இல்லை, எல்லாவற்றையும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றாள். இத்தனை வருடமும் காபி இல்லாமல் கிடந்ததை நினைத்து ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரே ஒரு காரணம்தான் மேடம் திரும்பத் திரும்ப வருது. உங்க வீட்ல இன்னொரு குரல் இருக்கு. சாயங்காலம் அந்தக் குரலோட நீங்க ரொம்ப நேரம் பேசினா, மறுநாள் வந்துருது."

"அது எம் மக," என்றாள் ஜெசிந்தா.

"சாரி மேடம். எங்களுக்குப் பேர் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும்."

அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தாள். அனெட் கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். சமையலறையிலேயே நின்று சாப்பிட்டாள். மினுக்கம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் போய் அனெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அனெட் த்ரோபால் அணியில் சேர்ந்திருந்தாள், எதிரணியில் ஒருத்தி பந்தைப் பிடிக்கப் போய்ப் பந்தோடு சேர்ந்து உருண்டதை நடித்துக் காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு கண் இல்லை. அந்த இடத்தில் பிறை துடித்தது.

அன்றைக்கு வலி தணிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பெற்ற பிள்ளையின் குரல் தனக்கு விஷமாக இருக்கிறது என்பதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கடலிலிருந்து அழைத்த செல்வினிடம் சொன்னாள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே அவன் கத்தினான்.

"ஏட்டி, நம்ம புள்ள ஒனக்கு ஒத்துக்கலன்னு ஒரு மெஷினு சொல்லுதா? அதை நீ கேட்டுட்டு இருக்கியா?"

தான் மட்டும் கேட்கவில்லை, வைரவன் சாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள் ஜெசிந்தா. அது உண்மைதான். வைரவனின் திரையில் அனெட்டின் பெயர் வரவில்லை. வீட்டுச் சூழல் என்று மட்டும் வந்திருந்தது. அவர் அதைப் பற்றி மிகவும் நாசூக்காகப் பேசினார். தன் அக்கா மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கித்தான் படிக்கிறாள், நல்ல இடம், சிஸ்டர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார். அறையை விட்டு வெளியே வரும்போது ஜெசிந்தா முடிவுக்கு வந்திருந்தாள். பிள்ளையைத் தள்ளி வைக்கிறோம் என்று நினைக்கவில்லை. பிள்ளையை இந்தப் பழியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தாள். இங்கேயே இருந்தால், ஒவ்வொரு மினுக்கத்தின்போதும் இவளால்தான் என்று தன் கண் இவளைப் பார்க்கும். அப்படிப் பார்ப்பதைவிடத் தூரத்தில் இருப்பது நல்லது.

அனெட்டிடம் உண்மையைச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைப் பள்ளியில் த்ரோபால் அணி பெரிது, மாநில அளவில் போகலாம் என்றாள். அழுவாள், அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தாள். அனெட் எதுவும் கேட்கவில்லை. உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பெட்டியைப் பூட்டிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"லீவுக்கு வரலாம்லாம்மா?"

வரலாம் என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகுதான், பிள்ளை தன் வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறாள் என்பது உறைத்தது.

அனெட் போனபின் ஒரு மாதத்துக்கும் மேல் மினுக்கம் வரவில்லை. வைரவன் கை குலுக்கி அவளை நாற்காலியில் திரும்ப உட்கார வைத்தார். முதல் பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தூக்கினாள், மூன்றாவது பெட்டிக்குள் பழைய லாவகம் வந்துவிட்டது. காலையில் காபி குடித்தாள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் உப்பளத்தைப் பார்த்தாள். இத்தனை அழகா இது என்று இருந்தது. வீட்டுக்கு வந்தால்தான் ஒரு இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. சத்தம் போட்டுப் பாத்திரம் வைக்கலாம், வேகமாகக் கதவைச் சாத்தலாம், யாருக்கும் தொந்தரவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே கதவை அறைந்து சாத்திப் பார்த்தாள். சத்தம் வீடு முழுவதும் போய்த் திரும்பி வந்தது.

வார ஓய்வு நாளொன்றில் காலையிலிருந்தே கொட்டாவி வந்துகொண்டிருந்தது. கழுத்து இறுகிப் பிடித்தது. துணி துவைக்கப் போட்டவள் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். மக்ரூன் வாங்கினாள். எதற்கு வாங்கினோம் என்று யோசிக்கும்போது திருநெல்வேலி பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். அனெட்டைப் பார்க்க வேண்டும். பார்த்தே ஆக வேண்டும். தண்ணீர் தவிப்பது போல இருந்தது அது. வல்லநாடு தாண்டும்போது, பேருந்து ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று ஓட்டுநரிடம் போய்க் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது.

விடுதி வாசலில் இருந்த சிஸ்டர் அன்பாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்வையாளர் நேரம், ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும், அவசரம் என்றால் சொல்லுங்கள் என்றார். அவசரம் என்று சொல்ல ஜெசிந்தாவிடம் எதுவும் இல்லை. மக்ரூன் பையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மதிலோரமாக நின்றாள். உள்ளே பெண்கள் விளையாடும் சத்தம் கேட்டது. அதில் அனெட்டின் குரல் எது என்று பிரித்தெடுக்க முயன்று, முடியாமல், பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

மறுநாள் பெட்டி ஒன்று பாதி உயரத்தில் இருக்கும்போது காதுப் பொட்டு அதிர்ந்தது. கண்ணில் இன்னும் எதுவும் தெரியவில்லை. ஜெசிந்தா இந்த முறை யோசிக்கவில்லை, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையின் நடுவில் ஓட்டை விழுந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பொட்டு அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை அவள் பிற்பாடும் மறுத்ததில்லை.

சாயங்காலம் கம்பெனிப் பெண் அழைத்தாள். அந்தக் குரல் வீட்டில் இல்லாமலே வந்திருப்பதால் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறோம், பேருந்துப் பயணம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள். ஜெசிந்தா அவள் பேசி முடிக்கும் முன் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

வலி விட்ட மறுநாளே ஹபீபாவிடம் போனாள். ஏன் முதலிலேயே வரவில்லை என்று ஹபீபா கேட்கவில்லை. பொட்டு கேட்டு வைத்திருந்த அலையை முழுவதுமாகத் திரையில் விரித்தார். கம்பெனி, மினுக்கம் தெரியத் தொடங்கும் நேரத்தை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் காரணமாகக் கணக்கிட்டிருந்தது. ஹபீபா இன்னும் பின்னால் போனார். மூளையின் ஆழத்தில், அலைக்கும் முன்னால் எழும் ஒரு சிறு சலனத்தைக் காட்டினார். ஜெசிந்தா பேருந்து ஏறிய அன்றைக்கு அது காலையிலேயே தொடங்கியிருந்தது. அவள் துணியைத் துவைக்கப் போடும் முன்பே. பிறகு பழைய நாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் சலனம் முதலில், அனெட்டின் குரல் அதற்குப் பிறகு.

"சின்னப் பிள்ளைங்க நினைக்கும், மரம் ஆடறதாலதான் காத்து வருதுன்னு," என்றார் ஹபீபா. "இந்தக் கணக்கும் அப்படித்தான் நெனச்சிருக்கு. உங்களுக்கு வரப்போறது ஒரு நாள் முன்னாடியே தொடங்கிடுது. அந்த ஒரு நாள்ல சிலருக்கு இனிப்பு கேக்கும். சிலர் வீட்டைப் போட்டுக் கழுவுவாங்க. உங்களுக்குப் பிள்ளை கேக்குது."

ஜெசிந்தாவுக்கு மனசிலிருந்து பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருந்தது. எடுத்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்தச் சாயங்காலங்களை அவள் தன்னுடையவை என்று நினைத்திருந்தாள், அவையும் மினுக்கத்தினுடையவைதானா?

ஞாயிற்றுக்கிழமை விடுதித் தோட்டத்து சிமெண்டு பெஞ்சில் மகளும் தாயும் உட்கார்ந்தார்கள். அனெட் கொஞ்சம் கறுத்திருந்தாள், முழங்காலில் சிராய்ப்பு. ஜெசிந்தா எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கணக்கு சொன்னது, தான் நம்பியது, விடுதியில் விட்டது, டாக்டர் காட்டியது. உன்னால் இல்லை, ஒருநாளும் உன்னால் இல்லை என்று முடித்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் அனெட்.

"என்ன தெரியும்?"

"நீ எங் கட்டில்ல வந்து உக்காந்தா மறுநாள் ஒனக்கு வரும். சின்னதுல இருந்தே அப்படித்தான."

"பொறவு ஏன் சொல்லல?"

அனெட் முழங்கால் சிராய்ப்பில் உரிந்துகொண்டிருந்த தோலைத் தடவினாள். "சொன்னா நீ வந்து உக்கார மாட்டியேன்னுதான்."

பார்வையாளர் நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. பருவம் முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று ஜெசிந்தா சொன்னபோது அனெட் சரி என்றாள். குதிக்கவில்லை.

அதே மாதம் புதுப் பொட்டு வந்தது. பழையது கேட்கவும் எச்சரிக்கவும் மட்டும் செய்யும். புதியது ஆழத்துச் சலனம் எழுந்தவுடனேயே மெல்லிய மின்துடிப்பால் அதைத் தணித்துவிடும். அலை கிளம்பாது, மினுக்கம் வராது. கிரேன் ஓட்டுபவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கப் போகிறார்கள் என்று வைரவன் சொன்னார். ஹபீபாவிடம் ஜெசிந்தா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்த முந்தின நாளும் போயிருமா, டாக்டர்?"

"கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு எல்லாம் போயிரும்."

"எம் மககிட்ட போகணும்னு வருமே, அது?"

ஹபீபா பொய் சொல்லவில்லை. "அதுவும் போகலாம்," என்றார்.

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பொட்டை உறையிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இடம் ஒதுக்கும் வேலைக்கே போய்விடலாம் என்று ஒரு சமயம் தோன்றும். ஆனால் நாற்காலியில் உட்காராவிட்டாலும் மினுக்கம் வரும், சாலையைக் கடக்கும்போது வரும், அடுப்பில் எண்ணெய் காயும்போது வரும். செல்வினிடம் கேட்டாள். எனக்கு இதில் சொல்லத் தெரியவில்லை, உன் தலைக்குள் இருப்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும் என்றான் அவன். அவளைத் தீர்மானிக்க வைத்தது ஆவுடையப்பன். அவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். கேன்டீனில் எதிரில் வந்து உட்கார்ந்து, நல்லா இருக்கியளாம்மா என்று கேட்டார். டம்ளரை இடக்கையால் எடுத்தார். வலக்கை தோளுக்கு மேல் வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஜெசிந்தா புதுப் பொட்டை ஒட்டிக்கொண்டாள்.

அனெட் வீடு திரும்பினாள். மினுக்கம் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, வரவில்லை. ஜெசிந்தா அதைக் கொண்டாடவில்லை. வேறொன்றுக்காகக் காத்திருந்தாள். வேலை முடிந்து வந்து, சோறு போட்டு, பாடம் எழுதியாயிற்றா என்று கேட்டு, கூடத்தில் உட்கார்ந்து, உள்ளே ஏதாவது இளகுகிறதா என்று பார்ப்பாள். தூக்கம் வராதவர்கள் தூக்கத்துக்குக் காத்திருப்பது போல. காத்திருக்கக் காத்திருக்க அது வரவில்லை. மகளின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அந்தக் கதவுக்கும் கூடத்து நாற்காலிக்கும் நடுவில் இவ்வளவு தூரம் எப்போதும் இருந்ததா என்று தெரியவில்லை. அனெட் எப்போதாவது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புத்தகத்துக்குள் போய்விடுவாள். அவளுக்கு இது பழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தா எழுந்து போனாள். மனசு ஒன்றும் இழுக்கவில்லை. முதுகு வலித்தது, படுத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் இருந்தது. இருந்தாலும் போனாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பழைய சாயங்காலங்களில் வார்த்தை தானாக வரும். இப்போது அந்நிய வீட்டில் உட்கார்ந்திருப்பது போலக் கூச்சமாக இருந்தது. த்ரோபால் எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றாள் அனெட். அவள் கண் தாயின் கண்ணையே ஆராய்ந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா இன்னொன்று கேட்டாள். அதற்கும் சின்னப் பதில். பிறகு ஜெசிந்தா தன் கதையைச் சொன்னாள். முதன்முதலில் கிரேன் பயிற்சியின்போது காலிப் பெட்டி என்று நினைத்துத் தூக்கியதில் பெட்டி நிறைய வெங்காயம் இருந்ததையும், கதவு திறந்து துறைமுகம் முழுக்க வெங்காயம் உருண்டதையும் சொன்னாள். அனெட் சிரித்துவிட்டாள். சோறு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஜெசிந்தா கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. சன்னல் திரைகளின் மேல் போர்வையைத் தொங்கவிட்டு ஒரு கீற்று வெளிச்சமும் வராமல் மூடியிருந்தது. தலைமாட்டில் தண்ணீர், மாத்திரை, ஈரத்துணி. கீழே ஒரு வாளி. அனெட் சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போகாமல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

என்ன இது என்று ஜெசிந்தா கேட்டாள். இன்றைக்கு வருமே என்றாள் அனெட், மெல்லிய குரலில்.

வராது என்று ஜெசிந்தா சொன்னாள். அனெட் நம்பவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்றாள். சரி, பார்ப்போம் என்று ஜெசிந்தா எழுந்து அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இருட்டில் இருவரும் காத்திருந்தார்கள். ஜெசிந்தா விரலை நீட்டி நகத்தைப் பார்த்தாள். முழுதாக இருந்தது. அனெட்டும் எட்டி அதையே பார்த்தாள். தெருவில் மீன்காரர் சத்தம் வந்து போயிற்று. அடுத்த வீட்டில் குக்கர் கூவியது. வெயில் ஏறி, போர்வை ஓரத்தில் வெளிச்சம் கசியத் தொடங்கியது. ஒன்றும் வரவில்லை.

மதியத்துக்கு மேல் அனெட் எழுந்து ஒரு பக்கத்துப் போர்வையை மட்டும் எடுத்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நேத்து எங்கிட்ட பேசுனது நீதானாம்மா?"

"நாந்தான்," என்றாள் ஜெசிந்தா.

அனெட் போர்வையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விடுதியில் தன்னோடு ஒருத்தி மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததையும், அது எதனால் என்பதையும் சொல்லத் தொடங்கினாள்.